சுண்டெலியின் எம்எக்ஸ்1 புரதம்: அமைப்பும் வேலையும் பற்றி ஒரு சந்தேகம்

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்கு அருகில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். மார்கழிக் குளிரில் பாதிப் பிள்ளைகள் சளியும் இருமலுமாக வந்து உட்கார்ந்திருந்த ஒரு நாளில் இன்டர்ஃபெரான் பாடம் வந்தது. வைரஸ் புகுந்த செல் இன்டர்ஃபெரானை வெளியிடுகிறது, அது பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது, எச்சரிக்கை கிடைத்த செல்கள் வைரஸை எதிர்க்கும் புரதங்களைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன என்று பாடநூலில் உள்ளபடி சொல்லி முடித்தேன். அந்தப் புரதங்களில் ஒன்றன் பெயரையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதால், சுண்டெலியின் எம்எக்ஸ்1 புரதத்தைக் குறிப்பிட்டு, அது இன்ஃப்ளூயன்சா வைரஸைத் தடுக்கிறது என்றேன்.

பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், ஃப்ளூ தடுப்பூசியைச் சுண்டெலிக்குப் போட்டுப் பார்க்கிறார்கள், ஊசி போடாத எலியெல்லாம் செத்துப்போகிறது என்று செய்தியில் படித்தேன். அந்தப் புரதம் இருந்தால் அவை ஏன் சாக வேண்டும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நாளை சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டு, இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஓரிடத்தில் இது சுண்டெலியை மரணத்திலிருந்து காக்கும் புரதம் என்கிறார்கள். மற்றோரிடத்தில் அதே சுண்டெலி சிறிதளவு இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கே இறந்துவிடுகிறது என்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தப் புரதம் செல்லின் உட்கருவுக்குள் தங்கியிருக்கிறது என்று படித்தேன். வைரஸ் வெளியிலிருந்துதானே வருகிறது. காவலாளி வாசலில் நிற்காமல் உள்ளறையில் நிற்பானேன்? இதன் வடிவம் எப்படிப்பட்டது, அந்த வடிவத்தால் அது என்ன செய்கிறது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி யாராவது விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும். தவறாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதே என் கவலை.

தேன்கனிக்கோட்டைக்காரன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டை. இப்போது பெங்களூரில் வைரஸ்கள் பற்றிய ஆய்வில் இருக்கிறேன். உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நீங்கள் படித்த இரண்டுமே உண்மைதான், ஆனால் அவை வெவ்வேறு சுண்டெலிகளைப் பற்றியவை. எம்எக்ஸ்1 சுண்டெலி இனத்துக்கு உரிய புரதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் பெரும்பாலான சுண்டெலி வகைகளில் அதன் மரபணு பழுதாகிக் கிடப்பதால், அவற்றின் உடலில் முழுமையான எம்எக்ஸ்1 உருவாவதே இல்லை. செய்தியில் உங்கள் மாணவி படித்த சோதனைகளில் பெரும்பாலும் பயன்படுவது அத்தகைய எலிகள்தாம்.

இது தெரியவந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அதிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் இருவரும் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தார்கள். அதே லிண்டன்மான் 1962இல், மற்றச் சுண்டெலிகளைக் கொன்றுவிடும் அளவு இன்ஃப்ளூயன்சா வைரஸைச் செலுத்தியும் ஏ2ஜி என்னும் ஒரு வகைச் சுண்டெலி பிழைத்துக்கொள்வதை வெளியிட்டார். ஏ2ஜி எலியை நோய்க்கு ஆளாகும் எலியுடன் கலப்புச் செய்தால் பிறக்கும் குட்டிகள் எல்லாமே எதிர்ப்புத் திறனுடன் இருந்தன. அக்குட்டிகளை மீண்டும் நோய்க்கு ஆளாகும் பெற்றோர் வகையுடன் கலந்தால் ஏறத்தாழப் பாதி பிழைத்தன, பாதி இறந்தன. ஒரே மரபணு, அதுவும் ஓங்கு பண்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மெண்டல் பாடத்தின் சோதனைக் கலப்புக்குப் பட்டாணிச் செடியோடு இதையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இன்ஃப்ளூயன்சாவை அக்காலத்தில் மிக்ஸோவைரஸ் கூட்டத்தில் சேர்த்திருந்ததால், மிக்ஸோவைரஸ் எதிர்ப்பு என்பதைச் சுருக்கி அம்மரபணுவுக்கு எம்எக்ஸ் என்று பெயரிட்டார்கள்.

இந்த எதிர்ப்புக்கும் இன்டர்ஃபெரானுக்கும் உள்ள உறவு வெளிப்பட மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1979இல் ஓட்டோ ஹாலரும் லிண்டன்மான் உள்ளிட்டோரும் ஏ2ஜி எலிகளுக்கு இன்டர்ஃபெரானை முடக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது, அதுவரை பிழைத்துவந்த அந்த எலிகளும் இன்ஃப்ளூயன்சாவுக்கு இறந்தன. ஆக, எம்எக்ஸ்1 எப்போதும் தயாராக இருக்கும் புரதம் அன்று. அமைதியாக இருக்கும் செல்லில் அது இருப்பதில்லை; ஆல்ஃபா, பீட்டா, லாம்ப்டா வகை இன்டர்ஃபெரானின் சமிக்ஞை வந்த பிறகே உருவாகிறது. 1986இல் அதன் மரபணுப் படியைத் தனியாகப் பிரித்து, எம்எக்ஸ்1 இல்லாத செல்களுக்குள் செலுத்தினார்கள். இன்டர்ஃபெரான் எதுவும் கொடுக்காமலேயே அச்செல்கள் இன்ஃப்ளூயன்சாவை எதிர்த்தன, வேறு வைரஸ்களை எதிர்க்கவில்லை. இந்த ஒரு புரதம் மட்டுமே இன்ஃப்ளூயன்சாவைத் தடுக்கப் போதுமானது என்பது அன்றுதான் உறுதியாயிற்று.

இனி, ஆய்வக எலிகளில் என்ன பழுது என்பது. இம்மரபணு சுண்டெலியின் 16ஆம் குரோமோசோமில், 14 எக்ஸான்களாக, அதாவது புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் துண்டுகளாக, பரந்து கிடக்கிறது. உலகெங்கும் மிக அதிகமாகப் பயன்படும் சி57பிஎல்/6, பிஏஎல்பி/சி ஆகிய வகைகளில் 9 முதல் 11 வரையுள்ள எக்ஸான்கள் அடியோடு இல்லை. சிபிஏ முதலிய சில வகைகளில் எக்ஸான்கள் எல்லாம் இருந்தும், நடுவில் ஓர் எழுத்து மாறி, புரதத்தை அரைகுறையாக நிறுத்திவிடும் குறியீடாகிவிட்டது. இந்த விவரம் 1988இல் வெளியாயிற்று. காட்டிலும் வயலிலும் பிடிக்கப்பட்ட சுண்டெலிகளைச் சோதித்தபோதோ, வேலை செய்யும் மரபணுவும் பழுதான மரபணுவும் ஏறத்தாழச் சமமான அளவில் காணப்பட்டன.

இத்தனை ஆய்வக வகைகளில் ஒரே பழுது எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு நம் ஊர் மாந்தோப்புகளைக் காட்டுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஏக்கர் ஏக்கராக நிற்கும் பெங்களூரா மாமரங்கள் ஒட்டுக்கன்றுகளாக வந்தவை. தாய் மரத்தில் என்ன குணம் இருந்ததோ அதுவே எல்லாக் கன்றுகளிலும் இருக்கும், நிறையானாலும் குறையானாலும். ஆய்வகச் சுண்டெலிகளும் அப்படிச் சில முன்னோர்களிலிருந்து பெருக்கப்பட்டவைதாம். சி57பிஎல் வகையின் முன்னோர், அமெரிக்காவில் அபி லாத்ராப் என்னும் பெண்மணி விற்பனைக்கு வளர்த்துவந்த சுண்டெலிகளிலிருந்து வந்தவை. 1921இல் அவற்றிலிருந்து அண்ணன் தங்கை உறவிலேயே தலைமுறை தலைமுறையாகக் கலப்புச் செய்து அவ்வகையை உருவாக்கினார்கள். ஒட்டுப்போடுவதும் உட்கலப்பும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஆனால் ஒரு குறை முழுத் தோப்புக்கும் பரவும் விதம் இரண்டிலும் ஒன்றே. இன்ஃப்ளூயன்சா அண்டாத கூண்டுக்குள் வாழ்ந்ததால், அந்தக் குறை எந்த எலிக்கும் தீங்காக வெளிப்படாமலே தங்கிவிட்டிருக்கலாம்.

உட்கருவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆர்.என்.ஏ. வைரஸ்களில் பெரும்பாலானவை உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்திலேயே பெருகிவிடும். இன்ஃப்ளூயன்சா அப்படியன்று, அது தன் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளையும் உட்கருவுக்குள் கொண்டுபோய் அங்கேதான் படியெடுக்கிறது. எம்எக்ஸ்1 அங்கே நிற்பது அதனால்தான்: திருடன் வந்து சேரும் அறையில் காவல். 1992இல் ஒரு சோதனை செய்தார்கள். எம்எக்ஸ்1 புரதத்தின் வால்பகுதியில் அதை உட்கருவுக்குள் செலுத்தும் முகவரி போன்ற ஒரு பகுதி உண்டு. அதில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதும் புரதம் சைட்டோபிளாசத்திலேயே தங்கி, இன்ஃப்ளூயன்சாவைத் தடுக்கும் திறனை இழந்தது. வேறொரு வைரஸின் புரதத்திலிருந்து உட்கரு முகவரியை எடுத்து அதனோடு ஒட்டவைத்தபோது, உட்கருவுக்குத் திரும்பியது, எதிர்ப்புத் திறனும் திரும்பியது. மாறாக, கால்நடைகளின் வாய்க்கொப்புள நோய் வைரஸான வி.எஸ்.வி. சைட்டோபிளாசத்திலேயே பெருகுவது; எம்எக்ஸ்1 அதை ஒன்றும் செய்வதில்லை. சுண்டெலியின் உடன்பிறப்புப் புரதமான எம்எக்ஸ்2 சைட்டோபிளாசத்தில் இருப்பது, அது வி.எஸ்.வி.யைத் தடுக்கிறது, இன்ஃப்ளூயன்சாவைத் தடுப்பதில்லை. அந்த எம்எக்ஸ்2 மரபணுவும் ஆய்வக எலிகளில் பழுதாகியே இருக்கிறது.

வடிவத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் இக்குழுவில் இருக்கிறார். அவர் வருவதற்குக் காத்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் புரத ஆய்வாளர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் முனைவர் பட்ட ஆய்வு டைனமின் குடும்பப் புரதங்களைப் பற்றியது. எம்எக்ஸ்1 அக்குடும்பத்தில் ஒன்று என்பதால் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். இதன் வடிவத்தைப் பற்றி இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, மனிதரிடம் உள்ள இணையான எம்எக்ஸ்ஏ புரதத்தின் படிக அமைப்பிலிருந்து கிடைத்தது. அதன் தண்டுப் பகுதியின் அமைப்பு 2010இலும், ஏறத்தாழ முழு அமைப்பு 2011இலும் வெளியாயின. சுண்டெலியின் எம்எக்ஸ்1 631 அமினோ அமிலங்களும் மனித எம்எக்ஸ்ஏ 662 அமினோ அமிலங்களும் கொண்டவை. இரண்டும் ஒரே கட்டுமானத்தைச் சேர்ந்தவை.

ஒரு மூலக்கூற்றைக் கையில் பிடித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே உருண்டையாக ஒரு தலை, அதன் கீழே சிறு கழுத்து, கழுத்திலிருந்து நீளும் ஒரு தண்டு. தலைதான் ஜி.டி.பி. (GTP) மூலக்கூற்றைப் பிடித்து உடைக்கும் இடம், ஏ.டி.பி.யைப் போலவே ஜி.டி.பி.யும் ஆற்றலைத் தரும் மூலக்கூறு என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. தண்டு நான்கு ஆல்ஃபா சுருள்கள் சேர்ந்த கட்டு. கழுத்து மூன்று சுருள்கள் சேர்ந்த கட்டு. இந்தக் கழுத்துதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அதன் மூன்று சுருள்களும் அமினோ அமிலத் தொடரில் அடுத்தடுத்து இருப்பவையல்ல. தொடர் கழுத்தில் தொடங்கித் தலைக்கு ஏறி, தலையை முடித்துக்கொண்டு கழுத்துக்கு இறங்கி, தண்டின் கோடிவரை போய்த் திரும்பி, கடைசியில் மீண்டும் கழுத்துக்கே வந்து முடிகிறது. கயிற்றை மடித்து, இரு நுனிகளையும் ஓரிடத்தில் சேர்த்து முறுக்கியதுபோல. ஆகவே புரதத்தின் வால் நுனி தலைக்கு அருகில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தலையில் நடக்கும் அசைவு கழுத்து வழியாகத் தண்டுக்குப் போய்ச் சேருகிறது.

இந்த ஒற்றை மூலக்கூறு தனியாக நின்று வேலை செய்வதில்லை. தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து, பக்கத்துத் தண்டுகளோடு ஒட்டி, வளையங்களாகச் சேருகின்றன. உங்கள் பாலக்கோடு தக்காளி மண்டியில் அடுக்கியிருந்த மூங்கில் கூடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: மூங்கில் பட்டைகளைக் குறுக்குநெடுக்காக வைத்து அடி போட்டு, ஒவ்வொரு பட்டையும் அடுத்த பட்டையை அழுத்திப் பிடிப்பதால்தான் கூடை நிற்கிறது, ஆணியோ பசையோ இல்லை. அதுபோலத் தண்டுகளின் பக்கங்களில் அமைந்துள்ள ஒட்டும் முகங்களே வளையத்தைப் பிடித்து வைக்கின்றன. வளையத்தில் தலைகள் வெளிப்பக்கம் நோக்கும். தண்டின் மறுகோடியில், ஒழுங்கான வடிவம் இல்லாமல் தொங்கும் ஒரு கண்ணி உண்டு. அதை எல்4 கண்ணி என்கிறோம். அந்தக் கண்ணிகள் எல்லாம் வளையத்தின் உட்பக்கம் நோக்கி நிற்கும். வைரஸின் ஆர்.என்.ஏ.வும் அதனோடு சேர்ந்த புரதங்களும் அடங்கிய பொதி வளையத்தின் நடுவில் சிக்க, கண்ணிகள் அதைத் தொட்டுப் பிடிக்கின்றன என்பதும், பக்கத்து வளையங்களின் தலைகள் ஒன்றையொன்று பற்றி ஜி.டி.பி.யை உடைக்கும்போது எழும் இழுவிசை பொதியைக் குலைக்கிறது என்பதும் இந்த அமைப்பை வைத்து முன்வைக்கப்பட்டுள்ள மாதிரி. மாதிரி என்ற சொல்லை வகுப்பில் விட்டுவிடாதீர்கள். கூடை உவமையிலும் ஒரு குறை உண்டு: முடைந்த கூடை அப்படியே நிற்கும், இந்த வளையமோ சேரவும் பிரியவும் அசையவும் கூடியது.

இந்தப் பகுதிகளின் தேவை ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. எம்எக்ஸ்1 தொடரின் 49ஆம் இடத்தில் உள்ள லைசினை அலனினாக மாற்றினால் தலை ஜி.டி.பி.யைப் பிடிக்க இயலாமல் போகிறது. வைரஸ் எதிர்ப்பும் போய்விடுகிறது. எல்4 கண்ணி எந்த வைரஸைப் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கிறது. குரங்கினங்களின் எம்எக்ஸ்ஏ புரதங்களை ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில், பரிணாமத்தில் மிக வேகமாக மாறிவந்த இடம் இக்கண்ணி என்று தெரிந்தது. வீட்டுச் சுண்டெலியின் எம்எக்ஸ்1 புரதத்தையும் மஸ் ஸ்ப்ரீடஸ் என்னும் மற்றொரு சுண்டெலி இனத்தின் எம்எக்ஸ்1 புரதத்தையும் ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வும் இக்கண்ணியையே சுட்டியது. வைரஸ் மாற மாற, அதைத் தொடும் விரல் நுனியும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இப்போது ஆய்வக எலியின் பழுதைத் திரும்பிப் பாருங்கள். தலைக்குரிய செய்தி தொடரின் முன்பாதியில் இருக்கிறது. காணாமற்போன எக்ஸான்கள் பின்பாதிக்கு உரியவை. தண்டும், வாலில் உள்ள உட்கரு முகவரியும் இல்லாமல் தலை மட்டும் உருவானாலும் அது வளையமாகச் சேராது, உட்கருவுக்கும் போகாது.

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எலிகளின் முரண்பாடு தீர்ந்தது. கழுத்தின் மூன்று சுருள்களைப் படித்தபோது ஒரு தாளில் வரைந்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். வளையம் பொதியைப் பிடிக்கிறது என்றீர்கள். பிடித்தபின் வைரஸின் எந்த வேலை நிற்கிறது? அதுவும் சோதனையில் பார்க்கப்பட்டிருக்கிறதா?

தேன்கனிக்கோட்டைக்காரன் எழுதியது:

பார்க்கப்பட்டிருக்கிறது. வைரஸின் ஒவ்வோர் ஆர்.என்.ஏ. துண்டும் என்.பி. என்னும் புரதத்தின்மீது நெடுகச் சுற்றப்பட்டு, ஒரு முனையில் பி.பி.1, பி.பி.2, பி.ஏ. என்னும் மூன்று புரதங்களும் சேர்ந்த பாலிமரேஸ் என்னும் படியெடுக்கும் நொதியைச் சுமந்துகொண்டு உட்கருவுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் பாலிமரேஸ் செய்யும் முதல் வேலை, வைரஸின் புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ.யைப் படியெடுப்பது. எம்எக்ஸ்1 உள்ள செல்களில் இந்த முதற்படியெடுப்பே தடைபடுகிறது. வைரஸ் உள்ளே வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் வாய் திறக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

செல்லில் வைரஸின் பாலிமரேஸ் புரதங்களை மிக அதிகமாக உருவாகும்படி செய்தால் எம்எக்ஸ்1 விதிக்கும் தடை தளர்ந்துபோகிறது என்பது 1992இலேயே தெரிந்தது. எம்எக்ஸ்1 தன் இலக்கோடு நேருக்கு நேர் மோதுகிறது என்பதற்கு அது ஒரு சான்று. பின்னர் 2012இல், என்.பி.யும் பி.பி.2வும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிணைப்பை எம்எக்ஸ்1 குலைக்கிறது என்று காட்டினார்கள். அதற்கு ஜி.டி.பி.யைப் பிடிக்கும் தலை தேவைப்பட்டது.

ஊத்தங்கரை கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பறவைக் காய்ச்சல் எச்சரிக்கைக் காலங்களில் கோழிப் பண்ணைகளில் மாதிரி எடுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இரண்டொரு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலில் பெயர் பற்றி. நம் பக்கத்தில் வெள்ளெலி என்றால் வயல் வரப்பில் வளை தோண்டும் எலி. ஆய்வகத்து வெள்ளைச் சுண்டெலி அதுவன்று, அது வீட்டில் ராகி மூட்டையைக் கடிக்கும் சுண்டெலியின் இனம். பெருச்சாளியையும் பழுப்பு எலியையும் சுண்டெலியோடு சேர்த்து எலி என்று பொதுவாகச் சொல்லிவிடுவது நம் வழக்கம். இப்பாடத்தில் அது கூடாது. பழுப்பு எலிக்கு எம்எக்ஸ் புரதங்கள் மூன்று. உட்கருவில் இருக்கும் முதலாவது இன்ஃப்ளூயன்சாவைத் தடுக்கும். சைட்டோபிளாசத்தில் இருக்கும் இரண்டாவது வி.எஸ்.வி.யைத் தடுக்கும், மூன்றாவதற்கு இவ்விரண்டின்மீதும் எதிர்ப்பு இல்லை. ஆசிரியை அவர்கள் கரும்பலகையில் எழுதும்போது, எந்த எலி, அதில் எந்த வகை என்பதைப் புரதத்தின் பெயருக்கு முன்பாகவே எழுதிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏ2ஜி என்ற மூன்று எழுத்துகளை விட்டுவிட்டால் வாக்கியம் முழுவதும் பொய்யாகிவிடும்.

அடுத்து, இது எலியோடு நிற்கும் செய்தியன்று. 2007இல், வேலை செய்யும் எம்எக்ஸ்1 மரபணுவை உடைய சுண்டெலிகளுக்கு 1918ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் வைரஸையும் மனிதரைத் தாக்கிய கொடிய எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸையும் கொடுத்துப் பார்த்தார்கள். அம்மரபணு இல்லாத எலிகள் மடிய, உள்ளவை பெரிதும் காக்கப்பட்டன. எச்5என்1 நம் நாட்டுக் கோழிப் பண்ணைகளில் முதன்முதலாக 2006இல், மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கண்டறியப்பட்டபோது பணியில் இருந்தவர்களுக்கு, அந்தப் பெயரைக் கேட்டாலே இன்றும் அந்த நாட்கள் நினைவுக்கு வரும். கையுறைக்குள் வியர்வை தேங்கி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப்போயிருக்கும். கோழியின் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுக்கும் அந்த நொடியில் மூச்சை அடக்கிக்கொள்வேன். பண்ணைத் தொழிலாளர்கள் பலர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பக்கத்தில் நிற்பார்கள். ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கு மட்டும் ஏன் நோய் வருகிறது என்று அப்போதெல்லாம் யோசித்ததுண்டு. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனத்தில் கோழிகளிலிருந்து எச்7என்9 என்னும் மற்றொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய நோயாளிகளிடையே எம்எக்ஸ்ஏ புரதத்தைச் செயலற்றதாக்கும் அரிய மரபணு மாற்றங்கள் கூடுதலாக இருந்ததைக் கண்டது. ஆய்வக எலியின் பழுதுக்கு ஒப்பான ஒன்று, மனிதரில் மிகச் சிலரிடம். உங்கள் மாணவியின் கேள்வி கோழிக் கொட்டகை வரைக்கும் வந்து நிற்கிறது, அம்மா.

அரூர் முதுகலை மாணவன் எழுதியது:

ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்த்தொழில்நுட்பம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எம்எக்ஸ்1 முழுமையாக உள்ள சுண்டெலியை இன்ஃப்ளூயன்சா வைரஸ் எதுவுமே கொல்ல முடியாதா? அப்படியென்றால் காட்டுச் சுண்டெலிகளிடம் இந்த வைரஸ் தோற்றுப்போன வைரஸ் என்று கொள்ளலாமா?

தேன்கனிக்கோட்டைக்காரன் எழுதியது:

தம்பி, அப்படிக் கொள்ள முடியாது. எம்எக்ஸ்1 இன்டர்ஃபெரானுக்குப் பிறகே உருவாவது என்று முன்பு சொன்னேன் அல்லவா. அதனால் இது வேகத்தைப் பொறுத்த போட்டி. ஆய்வகங்களில் பயன்படும் பி.ஆர்.8 என்னும் இன்ஃப்ளூயன்சா வைரஸின் மிக விரைவாகப் பெருகும் ஒரு வகை, எம்எக்ஸ்1 உள்ள சுண்டெலிகளையும் கொல்வதை 2007இல் காட்டினார்கள். எம்எக்ஸ்1 அந்த வைரஸுக்கு எதிராகச் செயலற்றது என்பதன்று காரணம்: அதே எலிகளுக்கு முன்கூட்டியே இன்டர்ஃபெரானைக் கொடுத்து, எம்எக்ஸ்1 தயாரான பிறகு வைரஸைச் செலுத்தியபோது அவை பிழைத்தன. முன்கூட்டி ஏற்பாடு இல்லாதபோது, புரதம் உருவாகி முடிவதற்குள் வைரஸ் முந்திவிடுகிறது. ராகிக் கதிர் களத்தில் காயும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தால், தார்ப்பாய் வீட்டில் இருக்கிறதா என்பதோடு, அது மழைக்கு முன்னால் களத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதும் பார்க்க வேண்டும்.

வைரஸுக்கு இன்னொரு வழியும் உண்டு. என்.பி. புரதத்தின் சில இடங்களில் மாற்றம் பெற்று எம்எக்ஸின் பிடியிலிருந்து நழுவுவது. பறவைகளிடமிருந்து நேரடியாக வரும் வைரஸ்களின் என்.பி. பொதுவாக மனித எம்எக்ஸ்ஏ புரதத்துக்கு எளிதில் அகப்படுகிறது. 1918, 2009 ஆகிய ஆண்டுகளில் மனிதரிடையே பரவிய பெருந்தொற்று வைரஸ்களின் என்.பி.யில் அதிலிருந்து தப்ப உதவும் மாற்றங்கள் இருந்ததை 2013இல் வெளியிட்டார்கள். மருத்துவர் ஐயா குறிப்பிட்ட எச்7என்9 ஆய்வோடு சேர்த்துப் படித்தால் இது தெளிவாகும்.

உனக்கு நேரம் இருந்தால் ஓஏஎஸ்1பி என்னும் மற்றொரு சுண்டெலிப் புரதத்தையும் படித்துப் பார். அது மேற்கு நைல் வைரஸ் போன்ற ஃப்ளேவி வைரஸ்களை எதிர்ப்பது. ஆய்வகச் சுண்டெலிகளில் பெரும்பாலானவற்றில் அதன் மரபணுவின் 4ஆம் எக்ஸானில் நிறுத்தக் குறியீடு விழுந்து புரதம் குறைபட்டுப்போயிற்று என்பது 2002இல் வெளியாயிற்று. எம்எக்ஸ்1 மரபணு கண்ட அதே விதி, வேறொரு குரோமோசோமில்.

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

இன்று வகுப்பில் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன். மருத்துவர் ஐயா சொன்னபடி கரும்பலகையில் முதலில் ஏ2ஜி என்றும், பக்கத்தில் சி57பிஎல்/6 என்றும் எழுதி, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட பிறகுதான் புரதத்தின் பெயரை எழுதினேன். சோதனைக் கலப்பைப் பிள்ளைகளே கட்டம் போட்டுத் தீர்த்தார்கள். பாதிக்குப் பாதி வந்ததும் பின் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. கயிறு உவமைக்கு என் சேலை முந்தானையை முறுக்கியே காட்டிவிட்டேன்.

கூடையைப் பற்றிச் சொல்லும்போதுதான் ஒன்று தெரிந்தது. கேள்வி கேட்ட அந்த மாணவியின் அப்பா மாங்காய்க் கூடை முடைகிறவராம். மதியம் அவள் என்னிடம் வந்து, கூடையின் வாய்க்கட்டு வளையத்தை மட்டும் தனியாகப் பின்னித் தரச் சொல்கிறேன், ஒவ்வொரு பட்டையின் உள் நுனியையும் செதுக்காமல் நாராகத் தொங்கவிடச் சொல்லட்டுமா, அதுதானே டீச்சர் எல்4 கண்ணி என்று கேட்டாள். தலைகளுக்கு வெளிப்பக்கம் புளியங்கொட்டை ஒட்டலாம் என்றாள். திங்கட்கிழமை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அடுத்த கேள்விக்கு எனக்குத் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டியிருக்கும்: எம்எக்ஸ்1 நல்லபடியாக உள்ள எலிகளில் சோதித்தால், நாம் போடும் ஃப்ளூ தடுப்பூசி எவ்வளவு காக்கிறது என்ற கணக்கு மாறாதா என்று கேட்கிறாள்.